கடனா, டிவிடெண்டா? தோல் வளர்த்த கதை

1976ஆம் ஆண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் (நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன் இல்லை). செடோமிர் ராடோவன் என்ற பிளாஸ்டிக் சர்ஜனிடம் ஒரு நோயாளி. அவர் கையில் பச்சை குத்தியிருந்தது. அதை எடுக்க வேண்டும். வெட்டி எடுத்தால் அந்த இடம் வெறும் சதையாக நிற்கும், மூடுவதற்குத் தோல் வேண்டும். உடம்பில் வேறெங்கிருந்தாவது சீவி எடுத்து ஒட்டுவதுதான் வழக்கம். ராடோவன் அப்படிச் செய்யவில்லை. பச்சைக்குப் பக்கத்திலிருந்த நல்ல தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கோன் பையை வைத்துத் தைத்தார். பிறகு ஊசி மூலம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பைக்குள் உப்புநீர் ஏற்றினார். மேலே இருந்த தோல் புடைத்துக்கொண்டே வந்தது. தேவையான அளவு தோல் சேர்ந்ததும் பையை எடுத்துவிட்டு, பச்சையை வெட்டிவிட்டு, அந்தப் புதுத் தோலை இழுத்து மூடினார். அதே ஆண்டு பாஸ்டனில் நடந்த அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். உடனே எல்லோரும் நம்பிவிடவில்லை.

தோல் மருத்துவத்தின் பெரிய திருப்பங்கள் எல்லாம் போரிலோ, தண்டனையிலோ, தீயிலோதான் தொடங்கியிருக்கின்றன. இது மட்டும் யாருக்கோ வேண்டாமல் போன ஒரு பச்சையிலிருந்து தொடங்கியது. என்னை இந்தக் கதைக்குள் இழுத்தது அதுதான்.

நான் டாக்டர் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, மருத்துவமனைகளுக்கு ரப்பர் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சிறுநீர்க் குழாயின் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். உடம்புக்குள் போனதும் வால்வு வழியாகத் தண்ணீர் ஏற்றினால் அது உப்பி, குழாய் வெளியே நழுவாமல் பிடித்துக்கொள்ளும். அந்த பலூன் வெடிக்கிறதா, அந்த வால்வு கசிகிறதா என்று பார்ப்பதுதான் என் சாப்பாடு. அதனால் ராடோவனின் பையைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இதில் புதுசா என்ன இருக்கு? ஒரு பலூன், ஒரு வால்வு. இதற்கு மனிதகுலம் ஏன் 1976 வரை காத்திருந்தது?

கை கொடுத்தது

தோல் வரலாற்றில் கைக்கு எப்போதும் கொடுக்கும் வேலைதான்.

1597இல் இத்தாலியின் பொலோன்யாவில் பேராசிரியராக இருந்த காஸ்பரே தாலியாகோட்ஸி, வெட்டுப்பட்ட மூக்கைத் திரும்பச் செய்வது பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். அவருடைய முறையில் மேற்கையின் உட்புறத்தில் ஒரு தோல் மடலை வெட்டி, ஒரு முனையைக் கையிலேயே விட்டுவிட்டு, மறுமுனையை மூக்கில் தைப்பார்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும் வரை, ஏறக்குறைய மூன்று வாரம், நோயாளி கையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

இந்தியாவில் மூக்குக்கு நெற்றி கொடுத்தது. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். பிறகு புனேயில் உள்ளூர் வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி மூக்கு செய்துகொடுத்தார். 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் அதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் பார்த்து, ஜோசப் கார்ப்பியூ 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்தார். மூக்கு வந்தது. நெற்றியில் தழும்பு நின்றது.

19ஆம் நூற்றாண்டில் தோலை முழுவதுமாகப் பிரித்தெடுத்தே ஒட்டப் பழகினார்கள். 1869இல் பாரிஸில் ரெவெர்தின் சின்னச் சின்னத் துணுக்குகளாக ஒட்டினார். 1874இல் ஜெர்மனியின் தியெர்ஷ் மெல்லிய தாள்போல் தோலைச் சீவி ஒட்டினார். 1939இல் பேட்ஜெட் என்ற சர்ஜனும் ஹூட் என்ற இயந்திரவியல் பேராசிரியரும் அமெரிக்காவில் சேர்ந்து, ஒரே தடிமனில் தோல் சீவும் கருவி செய்தார்கள். (எஞ்சினியர் பெயர் வந்தால் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மன்னிக்கவும்.)

இடையில் முதல் உலகப்போர். 1917இல் இங்கிலாந்தில் ஹரோல்ட் கில்லிஸ் தோல் மடலைக் குழாயாகச் சுருட்டித் தைத்தார். ரத்த ஓட்டம் நின்றுபோகாமலும் கிருமி புகாமலும் அது உயிரோடு இருந்தது. வயிற்றுத் தோலை முகத்துக்குக் கொண்டுபோக, முதலில் குழாயின் ஒரு முனையை மணிக்கட்டில் தைப்பார்கள். சில வாரம் கழித்து வயிற்றிலிருந்து அறுத்துவிட்டுக் கையை முகத்துக்குத் தூக்குவார்கள். கை இப்போது சுமை தூக்கும் கூலி.

எல்லாமே கடன் கணக்கு. ஒரு இடத்தின் ஓட்டையை அடைக்க இன்னொரு இடத்தில் ஓட்டை போடுவது. அடைத்த இடத்திலும் நிறம் சேராது. தொடைத் தோல் கையில் வந்து உட்கார்ந்தாலும் தொடைத் தோலாகவேதான் இருக்கும். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த செய்தி இல்லை. பெரியம்மா மகள், எங்கள் அக்கா, ஒன்பது வயதில் தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிட்டாள். இடது மேற்கை, தோளுக்குக் கீழிருந்து முழங்கை வரை. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கை பரவாயில்லை என்று எல்லோரும் சொல்வோம். அவள் மறைப்பது தொடையைத்தான். பள்ளியில் நீச்சல் இருந்த நாளெல்லாம் அவளுக்குக் காய்ச்சல்.

"கை எரிஞ்சது எண்ணெய்ல. தொடை எதுக்குடா எரியணும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

அடுத்தவர் தோல்

சரி, சொந்த உடம்பில் கடன் வாங்காமல் அடுத்தவரிடம் வாங்கினால்?

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது கிளாஸ்கோவின் ராயல் இன்ஃபர்மரியில் தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தவர் டாம் கிப்சன். ஆக்ஸ்போர்டிலிருந்து பீட்டர் மெடவார் என்ற விலங்கியல்காரர் அவரோடு வந்து சேர்ந்தார். எரிவாயுக் கணப்பின் மேல் விழுந்து மோசமாக எரிந்துபோன ஒரு பெண்ணுக்கு, அவருடைய சகோதரரின் தோலைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக ஒட்டினார்கள். முதலில் பிடித்தது, பிறகு கரைந்துபோனது. அதே சகோதரரிடமிருந்து இரண்டாவது முறை எடுத்து ஒட்டினார்கள். இந்த முறை இன்னும் வேகமாக அழிந்தது. உடம்பு முதல் தடவையை ஞாபகம் வைத்திருந்தது. இதை 1943இல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். உடம்பு அந்நியத் திசுவை ஏன் தள்ளுகிறது என்ற ஆராய்ச்சியை மெடவார் அங்கிருந்து தொடர்ந்தார். 1960இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

மெடவாரின் கதை பரவலாகத் தெரியும். கிப்சன் கிளாஸ்கோவிலேயே இருந்துவிட்டார். அவர் அடுத்து செய்தது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கடன் கொடுக்க ஆள் இல்லை என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர், கையில் இருக்கும் தோலை எவ்வளவு நீட்டலாம் என்று அளக்கப் போனார்.

காத்திருந்தால் நீளும்

தோல் இழுத்துக் கட்டிய மத்தளம் மாதிரி. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அது இழுவிசையில்தான் இருக்கிறது. 1830களில் பிரெஞ்சு சர்ஜன் டுப்யூட்ரென் இதைப் பார்த்து வியந்து எழுதினார். தன்னைத்தானே குத்திக்கொண்டு இறந்த ஒருவரின் உடலில் காயங்கள் நீள்வடிவக் கீறலாக இருந்தன, ஆனால் குத்திய ஆயுதமோ உருண்டையான ஊசி. 1861இல் வியன்னாவின் கார்ல் லாங்கர் பிணங்களின் உடம்பு முழுக்க இப்படிக் குத்திப் பார்த்து, எந்த இடத்தில் தோல் எந்தத் திசையில் இழுபடுகிறது என்று வரைபடமே போட்டார். இன்றும் சர்ஜன்கள் லாங்கர் கோடு என்கிறார்கள்.

1960களில் கிப்சன், ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொறியியல் பேராசிரியர் கெனெடியோடு சேர்ந்து தோலை எஞ்சினியர் கண்ணால் சோதித்தார். ஒரு துண்டுத் தோலை இழுத்தால் முதலில் லேசாக நீளும். உள்ளே கொலாஜன் இழைகள் சுருள் சுருளாக இருக்கின்றன, அவை நிமிர்கின்றன. எல்லாம் நிமிர்ந்ததும் சட்டென்று இறுகிவிடும். அதற்கு மேல் இழுத்தால் கிழியும். இதுவரை ரப்பர் வேலை பார்க்கிறவனுக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் அதே விசையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் தோல் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். எங்கள் லேபில் இதை கிரீப் என்போம். பாரம் தொங்கவிட்ட ரப்பர் பட்டை, நேற்று இருந்ததைவிட இன்று ஒரு மில்லிமீட்டர் கீழே தொங்கும். அதேபோல் ஒரு நீளத்துக்கு இழுத்து அப்படியே பிடித்துவைத்தால், பிடித்துவைக்கத் தேவையான விசை நேரம் போகப்போகக் குறையும். எங்களுக்கு இரண்டுமே தலைவலி. பொருள் தளர்ந்துவிட்டது, கழித்துக் கட்டு என்போம். சர்ஜனுக்கு அது வரம். பொறுமையாக இழுத்தால் தோல் விட்டுக்கொடுக்கும்.

இதில் ஒரு கேள்வி அப்படியே நின்றது. ரப்பர் பட்டை நீளும்போது மெலிகிறது. ஒரு கிராம் ரப்பர்கூடக் கூடுவதில்லை. தோலும் அப்படித்தானா? பிறகு வருகிறேன்.

பலூன்

ராடோவனுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்துவிட்டார். நியூயார்க்கைச் சேர்ந்த சார்ல்ஸ் நியூமன் 1957இல் எழுதிய கட்டுரை அது. விபத்தில் காதின் பெரும்பகுதியை இழந்த ஒரு நோயாளி. காதைத் திரும்பச் செய்ய அந்த இடத்தில் போதுமான தோல் இல்லை. நியூமன் காதுக்குப் பக்கத்துத் தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்தார். அதிலிருந்து ஒரு குழாய் தோலைத் துளைத்து வெளியே வந்தது. அதன் வழியாக நாளாக நாளாகக் காற்றடைத்துத் தோலைப் பெருக்கினார். அதைக் கொண்டு காது செய்தார்.

1957 என்றால் நமக்கு வேறு ஞாபகம். அந்த வருடம் சுதந்திரம் வாங்கிய மலாயா, இயற்கை ரப்பரில் உலகத்துக்கே பெரிய கை. அந்தப் பாலைச் சீவியவர்களில் பெரும்பங்கு நம் ஆட்கள். நியூமனின் பலூன் எந்தத் தோட்டத்துப் பால் என்று தேடிப்போகும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் பால்மரத்துச் சாமானுக்கு உடம்புக்குள் இப்படி ஒரு வேலை கிடைத்த வருடம் அது என்பதைப் படித்தபோது கொஞ்சம் நின்று போனேன்.

நியூமனின் கட்டுரை வெளிவந்து ஏறக்குறைய இருபது வருடம் யாரும் அதைத் தொடவில்லை. ஏன் என்று என் வேலை மேசையிலிருந்து பார்த்தால் இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். தோலில் திறந்த வாசல் ஒன்று இருந்தால் கிருமி அந்த வழியாகத்தான் உள்ளே போகும். இரண்டு, பொருள். மாதக்கணக்கில் உடம்புக்குள் சும்மா கிடக்க ரப்பரை நம்ப முடியாது.

சிலிக்கோன் அந்தப் பக்கம் மெதுவாக வந்துகொண்டிருந்தது. 1950களின் நடுவில், தலையில் நீர் சேரும் குழந்தைகளுக்கு அந்த நீரை வடிக்கும் வால்வுகளைச் சிலிக்கோனில் செய்தார்கள். அதில் ஒருவர் ஜான் ஹோல்டர், இயந்திரத் தொழிலாளி. மகனுக்கு அந்த நோய், அதற்காக உட்கார்ந்து செய்தார். 1962இல் ஹூஸ்டனில் சிலிக்கோன் மார்பகப் பை வந்தது. தலைநீர் வால்வுகள் செய்துகொண்டிருந்த ஹேயர்-ஷுல்ட் கம்பெனிதான் பிறகு ராடோவனின் பையையும் செய்தது. இதைப் படித்தபோது எனக்கு எல்லாம் புரிந்துபோன மாதிரி இருந்தது. காத்திருந்தது பலூனுக்காக இல்லை, வால்வுக்காக.

ராடோவனின் பையில் வெளியே எதுவும் நீட்டாது. தோலுக்கு அடியிலேயே ஒரு சின்ன வால்வு. தோலுக்கு மேலிருந்து மெல்லிய ஊசியால் குத்தி உப்புநீர் ஏற்றிவிட்டு ஊசியை எடுத்தால் வால்வு தன்னைத்தானே மூடிக்கொள்ளும். திறந்த வாசல் பிரச்சினை தீர்ந்தது.

ஏறக்குறைய அதே சமயம் மிச்சிகனில் எரிக் ஆஸ்டாட் வேறு வழியில் யோசித்தார். அவர் பையில் ஊசியே வேண்டாம். சிலிக்கோன் பைக்குள் உப்பை வைத்து மூடிவிட்டால், உடம்பின் நீர் சவ்வூடு பரவலால் தானாக உள்ளே வரும், பை தானாக உப்பும். எஞ்சினியருக்கு இதுதான் அழகு. ஆனால் மருத்துவமனைகளில் பரவலாக நிலைத்தது ராடோவனின் வழி. எப்போது நிறுத்துவது, எவ்வளவு ஏற்றுவது என்பது டாக்டர் கையில் இருந்தது. நோயாளி வலிக்கிறது என்றால் நிறுத்திவிடலாம். 1982இல் இருவருடைய கட்டுரைகளும் அச்சில் வந்தன. பாஸ்டன் பேச்சுக்கும் அதற்கும் இடையில் ஆறு வருடம்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பந்து

அக்காவுக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு டாக்டர் எக்ஸ்பாண்டர் வைக்கலாம் என்றார். தொடையைத் தொட மாட்டோம் என்று அவர் சொன்னதுதான் அவளை ஒத்துக்கொள்ள வைத்தது.

எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் ஆபரேஷனில் தழும்புக்குப் பக்கத்தில், நல்ல தோலுக்கு அடியில், காலிப் பையை வைத்துத் தைப்பார்கள். தையல் ஆற இரண்டு வாரம் போல விடுவார்கள். பிறகு வாரம் ஒரு முறை ஊசி. தோல் வெளுத்தாலோ வலித்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். இப்படி இரண்டு மூன்று மாதம். கடைசியில் இரண்டாவது ஆபரேஷன்: பையை எடுத்து, தழும்பை வெட்டி, புதுத் தோலை நகர்த்தி மூடுவார்கள்.

எவ்வளவு பெரிய பை? இங்கே ஒரு சின்ன கணக்கு. பை அரைக்கோளமாக உப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அரைக்கோளத்தின் மேற்பரப்பு அதன் அடித்தளத்தைப் போல் இரண்டு மடங்கு. அடித்தளத்தை மூடவே ஒரு மடங்கு போய்விடும், மிச்சம் ஒரு மடங்கு. ஆனால் பையை எடுத்ததும் தோல் கொஞ்சம் சுருங்கும். குவிந்த தோலைத் தட்டையாக விரிக்கும்போது ஓரங்களும் வீணாகும். அதனால் பையின் அடித்தளம் மூட வேண்டிய இடத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்கட்டும் என்பது சர்ஜன்களின் வழக்கமான கணக்கு. கை உருளையாக இருப்பதால் தோலை நீளவாக்கில் இழுப்பதைவிட, சுற்றிவரப் பக்கவாட்டில் நகர்த்துவதுதான் எளிது. அக்காவுக்கும் கையின் பின்பக்கத்தில்தான் வைத்தார்கள்.

கை கால்களில் இது தொல்லை பிடித்த வேலையும்கூட. கிருமி தொற்றலாம். பை கசியலாம். மேலே தோல் மெலிந்து பையே எட்டிப் பார்க்கலாம், அப்படியானால் எடுத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து. முழங்காலுக்குக் கீழே இந்த ஆபத்து அதிகம், கையில் அவ்வளவு இல்லை.

அக்கா தமிழ்ப்பள்ளி டீச்சர். பாஜு கூரோங்கின் கைப்பகுதியைத் தளர்த்தித் தைத்துப் போட்டுக்கொண்டு போனாள். ஆறாவது வாரத்துக்கு மேல் எந்தச் சட்டையாலும் மறைக்க முடியவில்லை. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், "டீச்சர், கையில பந்தா?" என்று கேட்டானாம். ஆமாம் என்றாளாம். பிள்ளைகள் அத்தோடு விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் பெரியவர்கள்தான் கேட்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊசி. முதல் இரவு இழுத்துப் பிடிக்கும், சனிக்கிழமை பாதி குறையும், ஞாயிறு மறந்தே போகும் என்பாள். அவள் சொன்னது அப்படியே எங்கள் லேபின் கிராஃப். நீளத்தை மாற்றாமல் பிடித்துவைத்தால் விசை குறைந்துகொண்டே வரும் அந்தக் கோடு. நான் இதைச் சொன்னதும், "உன் கிராஃபுக்கு ராத்திரி தூக்கம் போகுமா?" என்றாள்.

மூன்று மாதம் கழித்துத் தழும்பில் பெரும்பகுதி போனது. முழங்கைப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நடுவில் ஒரு நீளக் கோடு. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறம், ஒரே மாதிரி ரோமம், தொட்டால் ஒரே உணர்வு. பக்கத்துத் தோல் என்பதால் கிடைத்த லாபம் இது. தொடையிலிருந்து வந்தால் இது கிடைக்காது.

அவளுக்கு அரசாங்க வேலை, மருத்துவ விடுப்பு இருந்தது, காரில் கொண்டுபோய் விட மாமா இருந்தார். நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவர் பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகளை எங்கே போய்க் கண்டுபிடிப்பார்? தொடைத் தோல் ஒரே தடவையில் முடிந்துவிடும். அது இன்னும் ஓயாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடனா, டிவிடெண்டா?

இப்போது அந்தப் பழைய கேள்வி. தோல் மெலிந்து நீள்கிறதா, இல்லை உண்மையிலேயே வளர்கிறதா?

1986இல் ஆஸ்டாடும் அவர் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பே, தோல் விரிப்பது டிவிடெண்டா, கடனா என்பதுதான். ஊழியர் சேமநிதிக் கணக்கை வருடாவருடம் திறந்து பார்க்கும் நமக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும். பையைச் சுற்றி வளைத்து, அக்கம்பக்கத்துத் தோல் இழுபட்டு வந்திருந்தால் அது கடன். பையை எடுத்ததும் திரும்பிப் போய்விடும். புதுச் செல்கள் பிறந்திருந்தால் டிவிடெண்ட்.

கினிப் பன்றிகளின் தோலுக்கு அடியில் பை வைத்துப் பார்த்தார்கள். நீர் ஏற்றியதும் மேல்தோலில் செல் பிரிவது கூடியது. விரிந்த தோலின் மேலடுக்கு மெலியவில்லை, கொஞ்சம் தடித்தே இருந்தது. அதற்குக் கீழே இருக்கும் அடித்தோல்தான் மெலிந்தது. ரத்தக் குழாய்கள் கூடின. பையைச் சுற்றி நார் உறை ஒன்று உருவானது. ஆனால் மயிர்க்கால்கள் பெருகவில்லை. இருந்த மயிர்கள் தள்ளித் தள்ளிப் போயின. ஆக, பாதி கடன், பாதி டிவிடெண்ட். தேவையான நேரம் கொடுத்தால் டிவிடெண்ட் பங்கு கூடும். ஆபரேஷன் மேசையிலேயே சில நிமிடம் இழுத்துப் பிடித்துத் தோல் சேர்க்கும் முறையும் இருக்கிறது, அதில் கிடைப்பது முழுக்கக் கடன்தான்.

ஏன் வளர்கிறது என்பதற்கு 2020இல் நேச்சர் இதழில் ஒரு பதில் வந்தது. பிரஸ்ஸல்ஸில் செட்ரிக் பிளான்பேனின் ஆய்வகத்தில் மரியாசெலஸ்தே அரகோனாவும் மற்றவர்களும் எலிகளின் தோலுக்கு அடியில் தானாக உப்பும் ஜெல்லை வைத்து, ஒவ்வொரு செல்லாகத் தொடர்ந்து பார்த்தார்கள். சாதாரணமாக மேல்தோலின் அடியில் இருக்கும் மூலச்செல் பிரிந்தால், சராசரியாக ஒன்று மூலச்செல்லாக நிற்கும், ஒன்று மேலே போய் உதிரும். வரவும் செலவும் சரி. இழுபடும்போது கொஞ்ச காலத்துக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. மூலச்செல்லாகவே தங்குபவை கூடுகின்றன. இழுவிசையைச் செல் உணர்கிறது, உணர்ந்து பதில் சொல்கிறது. ரப்பருக்குத் தெரியாத வேலை அது.

காது

இங்கே தமிழில் ஒரு சொல் இருக்கிறது. காது வளர்த்தல்.

தென் தமிழ்நாட்டுப் பெண் குழந்தைகளுக்குக் காது குத்தி, ஓட்டையில் பஞ்சு வைப்பார்கள். பிறகு ஓலைச்சுருள். பிறகு ஈயக் குணுக்கு. காது மடல் தொங்கித் தொங்கித் தோளைத் தொடும்போது பாம்படமோ தண்டட்டியோ. காதை இழுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, வளர்த்தார்கள் என்றுதான் சொன்னார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் குத்திய காதுக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை முன்பைவிடத் தடித்த திரியைப் போடச் சொல்லியிருக்கிறது. கிழிந்த காதைச் சேர்த்துத் தைக்கும் வழிகளும் அதே இடத்தில் வருகின்றன. நம் சரவாக்கில் காயான், கென்யா, கெலாபிட் பெண்கள் பித்தளைப் பாரம் தொங்கவிட்டுக் காது வளர்த்தார்கள். பிறகு காலம் மாறியது. அங்கேயும் இங்கேயும் இளம்பெண்கள் வளர்த்த காதை வெட்டித் தைத்துச் சின்னதாக்கிக்கொண்டார்கள். ஒரு தலைமுறை வளர்த்ததை அடுத்த தலைமுறை மிச்சம் என்று வெட்டியது.

இதைச் சொன்னால் உடனே சிலர், பார்த்தாயா, எல்லாம் நம் முன்னோர்கள் அப்போதே கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாராகிவிடுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பாரம் தொங்கினால் காது வளரும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே வழியில் ஒரு கையின் தழும்பை மூடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எண்ணெய்ச் சட்டி அன்றும் இருந்தது. அந்த இடைவெளியைக் கடக்க டுப்யூட்ரெனின் பிணமும், கிப்சனின் இழுவைக் கருவியும், நியூமனின் ரப்பர் பலூனும், யாரோ ஒரு தகப்பன் மகனுக்காகச் செய்த வால்வும், கினிப் பன்றிகளும் எலிகளும் தேவைப்பட்டன. நம் பாட்டிகள் விட்டுச்சென்றது ஒரு சரியான வினைச்சொல். அதைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம், கூட்டிச் சொல்லவும் வேண்டாம்.

எங்கள் பாட்டியின் அம்மா படம் ஒன்று வீட்டில் இருக்கிறது, அடையாள அட்டைக்கு எடுத்தது. தோட்டத்துக்கு வந்தபோது காதில் தண்டட்டி இருந்ததாம். படத்தில் இல்லை. தாத்தா உடம்புக்கு முடியாமல் கிடந்த வருடம் அடகுக்கடைக்குப் போனது, மீட்கவில்லை. இரண்டு காதும் வெறுமையாகத் தோள்வரை தொங்குகின்றன. தங்கம் போய் எத்தனையோ வருடம் கழித்து எடுத்த படம் அது. காது சுருங்கித் திரும்பிப் போகவில்லை.